மெகாவாட் கணக்கு பட்டறைக்கு உதவாது

தமிழ்நாடு மின்மிகை மாநிலமாகிவிட்டது, மின்வெட்டு 2015-லேயே முடிந்துபோனது, இன்னமும் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களும் சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்களும் ஜெனரேட்டர், பேட்டரி, மாடியில் சோலார் என்று பணத்தைக் கொட்டுவது பழைய பயத்தின் மிச்சம் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. எழுதியவர் மின்துறையில் நெடுங்காலம் இருந்தவர். சொந்தமாக மின்சாரம் எடுப்பது வீண் செலவு என்பதோடு அவர் நிற்கவில்லை. ஊர்ப் பொதுச்சொத்தான மின்கட்டமைப்புக்கு அது செய்யும் துரோகம் என்கிறார். தன் கூரையில் தகடு போட்டவன் ஏழை வீட்டு மின்கட்டணத்தை ஏற்றிவிடுகிறான் என்கிறார். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் நிறைய ஆணவமும் இருக்கின்றன. உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆணவத்துக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

முதலில் அந்த மின்மிகை. 2024 மே 2-ம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதைச் சமாளித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த எண் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரிகிற எண். செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தின் கடைசி மின்கம்பத்திலிருந்து இழுத்த இணைப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை அது சொல்லாது. மேட்டூரில் 840 மெகாவாட் பழைய நிலையமும் 600 மெகாவாட் புதிய நிலையமும் இருக்கின்றன. இரண்டும் இதே சேலம் மாவட்டத்தில்தான். அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் உயரழுத்தக் கோபுரங்கள் வழியாகத் துணைமின் நிலையத்துக்கு வரும்வரை பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கோளாறு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான்: 11 கிலோவோல்ட் ஃபீடர், தெருமுனை டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் தாழ்வழுத்தக் கம்பி. மேட்டூரில் இன்னும் ஆயிரம் மெகாவாட் கூட்டினாலும் அந்தக் கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடாது.

2021-ல் கம்பிகளில் அணில் ஓடுவதால் மின்தடை வருகிறது என்று அன்றைய மின்துறை அமைச்சர் சொன்னபோது மாநிலமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உலகம் முழுக்க மின்பொறியாளர்களுக்குத் தெரிந்த உண்மை. 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அந்நாட்டு அமைச்சர் அறிவித்தார். ஒரு குரங்கு ஒரு நாட்டை நிறுத்த முடியும், ஒரு அணில் ஒரு தெருவை நிறுத்த முடியும் என்றால், உற்பத்தி மிகையாக இருக்கிறது என்ற பேச்சுக்குப் பட்டறை வாசலில் என்ன மதிப்பு? உற்பத்திக் குறைபாடே 2015-க்குப் பிறகு வரவில்லை என்பதும் சரியல்ல. 2022 ஏப்ரலில் மத்தியத் தொகுப்பிலிருந்து வர வேண்டிய 750 மெகாவாட் திடீரென நின்றதால்தான் பல மாவட்டங்களில் மின்சாரம் போனது என்று அரசே விளக்கம் தந்தது. கட்டுரை எழுதிய நண்பர் அதை மறந்துவிட்டார். வேலை பாதியில் நின்றவர்கள் மறக்கவில்லை.

மின்தடையின் புள்ளிவிவரங்களை எடுத்துக்காட்டி, ஆண்டுக்குச் சராசரித் தடை நேரம் குறைந்துவருகிறது என்கிறார். அந்தப் புள்ளிவிவரம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதை அவர் நன்றாக அறிவார். அறிந்தும் வாசகரிடம் சொல்லாமல் விட்டதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பொதுவாகப் பின்பற்றப்படும் ஐ.இ.இ.இ. அமைப்பின் 1366-ம் எண் தரநிலையில் ஐந்து நிமிடம் வரையிலான தடை, நீடித்த தடைக் கணக்கில் சேராது. அது நொடித் தடை என்று தனியே ஒதுக்கப்படுகிறது. மின்சாரம் முழுதாகப் போகாமல் அரை நொடி அழுத்தம் சரிந்து மீள்வது எந்தத் தடைக் கணக்கிலும் வராது.

பட்டறைக்கு அந்த அரை நொடி போதும். அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தாலே ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர் பிடியை விட்டுவிடக்கூடும். கம்பி இழுக்கிற மிஷின் நிற்கும், சங்கிலி பின்னுகிற மிஷின் நிற்கும், பாலிஷ் டிரம் நிற்கும். மின்சாரம் திரும்பி வந்துவிட்டது, விளக்கு எரிகிறது, ஆனால் ஒவ்வொரு மிஷினாகப் போய் அறுந்த கம்பியை எடுத்து, அச்சில் மறுபடி கோத்து, சரிபார்த்து ஓட்ட வேண்டும். முலாம் பூசும் தொட்டியில் பாதியில் மின்சாரம் நின்றால் அடுத்த பூச்சு முதல் பூச்சோடு சரியாக ஒட்டாமல் உரிய வாய்ப்பு உண்டு. உரிந்தால் அந்தக் கொலுசு கடைக்குப் போகாது, உருக்கத்தான் திரும்பும். கொலுசுத் தொழிலில் கூலி எடைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு நின்றுபோன ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் சோற்றிலிருந்து போகிறது. ராஜ்கோட்டிலும் ஆக்ராவிலும் மிஷினில் செய்த சரக்கோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கும் இவர்களைப் பார்த்துத்தான், உங்களுக்கு எதற்குத் தரமான மின்சாரம், ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் போதாதா என்று நண்பர் கேட்கிறார்.

போதாது. அழுத்தக் குறைவில் மோட்டாருக்கு என்ன நடக்கிறது என்பது பாலிடெக்னிக் மாணவன் படிக்கிற பாடம். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை நூற்றுக்கு அறுபத்தொன்றாகச் சுருங்குகிறது. சுமை குறையாததால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடேறுகிறது, காயில் எரிகிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் இன்னும் சீக்கிரம் எரிகிறது. ரீவைண்டிங் கடைகளில் வரிசையாகக் கிடக்கும் மோட்டார்களில் பாதியைத் திறந்தால் இந்தக் கதைதான் இருக்கும். ஸ்டெபிலைசர் வருகிற மின்சாரத்தைச் சற்றே உயர்த்தும், தாழ்த்தும். வராத மின்சாரத்தையும் போய்விட்ட ஃபேஸையும் அதனால் தர முடியாது. அழுத்தத்தை உயர்த்த அது கம்பியிலிருந்து இன்னும் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால், அதே சந்தில் ஸ்டெபிலைசர் இல்லாத அடுத்த வீட்டுக்காரருக்கு அழுத்தம் மேலும் சரிகிறது. பொதுச்சொத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் இதை யோசித்திருக்க வேண்டாமா?

மாறாக, கம்பியின் கடைசி முனையிலேயே மின்சாரம் பிறந்தால் அந்தக் கம்பி சுமக்க வேண்டிய பாரம் குறைகிறது, முனையின் அழுத்தம் தூக்கி நிற்கிறது. சரியாக அமைத்த சோலார் இன்வர்ட்டரோ சிறிய ஆல்டர்னேட்டரோ மோட்டார்களுக்குத் தேவையான ரியாக்டிவ் மின்திறனையும் அங்கேயே கொடுக்க முடியும். தூரத்திலிருந்து அதை இழுத்துவருவதாலும் அழுத்தக் குறைவு வருகிறது. சொந்த உற்பத்தி கம்பிக்குத் துரோகம் என்பது இயற்பியலுக்கே எதிரான பேச்சு.

இனி விலைக்கு வருவோம். டீசல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட் இருபத்தெட்டு ரூபாய் ஆகிறது, ஈ.பி. (மின்வாரியம்) எட்டு ரூபாய்க்குத் தருகிறது, எவன் இதைச் செய்வான் என்று கேட்கிறார். லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வருகிறது. டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல். ஆகவே அவர் கணக்கு சரிதான். ஆனால் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தவறு. ஈ.பி. இருக்கும்போது யாரும் ஜெனரேட்டரை ஓட்டுவதில்லை. இல்லாத மணி நேரத்துக்குத்தான் ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எட்டு ரூபாய் மின்சாரம் என்று ஒன்று சந்தையில் கிடையாது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் பத்து யூனிட் ஓடுகிறது. டீசலில் 280 ரூபாய், ஈ.பி.யில் 80 ரூபாய். கூடுதல் செலவு 200. பத்துப் பேரும் சும்மா உட்கார்ந்தால், தலைக்கு மணிக்கு 80 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 800 ரூபாய் போகிறது. கெட்டுப்போன சரக்கு, தவறிய தவணை, வேறு ஊருக்குப் போய்விட்ட ஆர்டர் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்ட வெள்ளியைக் கடனுக்கு வாங்கி வைத்திருப்பவனுக்கு, சரக்கு ஒரு நாள் தேங்கினால் வட்டி ஒரு நாள் ஏறும். அதையும் விட்டுவிடுகிறேன்.

சேகோ ஆலையில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. இரண்டாம் உலகப்போரில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் சேலத்தில் தொடங்கிவைத்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வரும் அளவுக்கு வளர்ந்தது. செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் பலரின் பிழைப்பே அந்த மூட்டைகளில்தான். மரவள்ளிக் கிழங்கு தோண்டி எடுத்த ஓரிரு நாளுக்குள் அரைபட வேண்டும், இல்லையேல் உள்ளே கறுக்கத் தொடங்கும். அரைத்த பால் தொட்டியில் தேங்கி நின்றால் புளிக்கும், மாவின் வெண்மை போகும், விலை இறங்கும். லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கிக்கிடக்கும் பருவத்தில் மதியம் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால், அந்த ஆலைக்காரரிடம் யூனிட்டுக்கு இருபத்தெட்டு ரூபாய் அதிகமில்லையா என்று கேட்பவர் ஒரு ஆலைக்குள்ளும் கால் வைத்திருக்க முடியாது.

அதைவிட முக்கியமான விஷயத்தை அவர் தொடவே இல்லை. சொந்த உற்பத்தி என்றதும் டீசல் புகையை மட்டுமே காட்டி வாசகரை மிரட்டுகிறார். சேகோ ஆலைக் கழிவுநீர் ஒரு காலத்தில் இந்தப் பகுதிக் கிணறுகளையும் ஓடைகளையும் நாறடித்தது. அதே நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டால் மீத்தேன் கலந்த எரிவாயு வருகிறது. ஒரு கனமீட்டர் வாயுவில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை மின்சாரம் எடுக்கலாம். கந்தகம் கலந்த வாயுவைச் சுத்தப்படுத்தி கேஸ் என்ஜினுக்குக் கொடுத்து, ஆலையின் பாதித் தேவையையோ அதற்கு மேலோ தீர்த்துக்கொள்ளும் சேகோ ஆலைகள் இந்தச் சமவெளியில் இருக்கின்றன. நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கழிவிலிருந்தும் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மீத்தேன் வெளியே போயிருந்தால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு பூமியைச் சூடாக்கியிருக்கும். கழிவும் தீர்ந்து, நாற்றமும் குறைந்து, மின்சாரமும் வந்த ஓர் ஏற்பாட்டை ஒரு வரிகூடச் சொல்லாமல் சொந்த உற்பத்தியே சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று முடித்திருக்கிறார். இது கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

டீசலை நான் தாங்கிப்பிடிக்க வரவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பதினான்கு மணி நேரம்வரை வெட்டு இருந்த காலத்தில், செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஜெனரேட்டர் புகையும் இரைச்சலும் சேர்ந்து குழந்தைகளுக்கு இருமல் வராத வீடு இல்லை. அந்த ஜெனரேட்டர்களை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? 2008 நவம்பரில் தொடங்கிய மின்கட்டுப்பாட்டை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீட்டித்த நிர்வாகம்தான். வெட்டைக் கொடுத்தவரே வெட்டுக்கு மருந்து தேடியவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2022-ல் வந்த திருத்தத்தை நண்பர் ஒருமுறை படிக்கட்டும். அவசரத் தேவைக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஐந்து ஆண்டுக்குள் பேட்டரியோடு கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம் போன்ற தூய முறைகளுக்கு மாற முயல வேண்டும் என்று அது சொல்கிறது. சொந்த ஏற்பாட்டை விட்டொழியுங்கள் என்று சொல்லவில்லை. தூய்மையான சொந்த ஏற்பாட்டுக்கு மாறுங்கள் என்கிறது.

சோலாரைப் பற்றி அவர் எழுதிய ஒன்று மட்டும் முழு உண்மை. மாடியில் தகடு மட்டும் போட்டு ஈ.பி.யோடு இணைத்தவர்களுக்கு ஈ.பி. போனால் சோலாரும் போய்விடும். நல்ல வெயிலில் தகடு பளபளத்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் நின்றுவிடும். இது குறையல்ல, உயிர்க்காப்பு. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனை நோக்கி நம் வீட்டு மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் இருக்க இன்வர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை மாட்டுகிறவர்களால் லைன்மேன்கள் உயிர்போகும் ஆபத்து இருப்பதும் உண்மை. அப்படி மாட்டுகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் இதிலிருந்து சோலாரால் பயனில்லை என்ற முடிவுக்கு அவர் தாவுகிறார். ஹைப்ரிட் இன்வர்ட்டரும் அளவான பேட்டரியும் வைத்தால் வெளிக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்ட முடியும். எல்லா மிஷினையும் ஓட்ட வேண்டியதில்லை. நின்றால் சரக்கு கெடுகிற மிஷின் எது, நின்றாலும் பரவாயில்லை என்கிற மிஷின் எது என்று பிரித்து, முதல் வகைக்கு மட்டும் தனி ஒயரிங் போட்டாலே பாதி நஷ்டம் தீரும். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் ஜெனரேட்டரோ இன்வர்ட்டரோ வாங்கினால் சொந்த மின்சாரமும் ஈ.பி.யைப் போலவே சரியும். இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் அனுபவத்துக்கு அழகு.

ஏழைகள் மீது பாரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கட்டுரையில் எனக்குப் பொறுக்க முடியாத இடம் அதுதான். மேச்சேரி பக்கம் பொட்டனேரி எஃகு ஆலை தன் உலை வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. மேட்டூர் ரசாயன ஆலைக்குச் சொந்த அனல் மின்நிலையம் உண்டு. பள்ளிபாளையம் காகித ஆலை தன் நீராவியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 9-ம் பிரிவு எவரும் சொந்த மின்நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்திருக்கிறது. இந்தப் பெரிய ஆலைகளில் ஒன்றையாவது பார்த்து, நீ பொதுக்கட்டமைப்புக்குத் துரோகம் செய்கிறாய் என்று நண்பர் என்றைக்காவது எழுதியிருக்கிறாரா? ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வைத்துக்கொண்டு மாடியில் பத்துத் தகடு போட்டவனிடம்தான் அவருக்குப் பொதுநல உணர்ச்சி பொங்குகிறது. அவர் நியாயம் என்று சொல்லும் நெட்வொர்க் கட்டணம் கூரையில் விளைந்த மொத்த யூனிட்டுக்கும் ஒரு ரூபாய்க்கு மேல் போடப்பட்டது. ஈ.பி. கம்பியைத் தொடாமல் அதே கட்டடத்துக்குள் செலவான யூனிட்டுக்கும் சேர்த்து. எங்கும் பயணம் செய்யாத மின்சாரத்துக்குப் பாதை வாடகை. 2023 செப்டம்பர் 25 அன்று சிறுதொழில்கள் மாநிலம் முழுக்க ஒரு நாள் கதவடைத்த பிறகு, சிறுதொழிலுக்கு அதைப் பாதியாகக் குறைத்தது அரசு. அந்தப் போராட்டத்தின் இன்னொரு கோரிக்கை நிலைக்கட்டணம். 112 கிலோவாட் இணைப்புக்கு மாதம் 3,920 ரூபாயாக இருந்தது 17,200 ரூபாயாகிவிட்டிருந்தது. ஒரு யூனிட்கூட ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. இதைக் கட்டிக்கொண்டிருப்பவன் பொதுக்கட்டமைப்பை விட்டு ஓடிவிட்டான் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிரதமரின் சோலார் திட்டமும் பட்டறை இணைப்புக்குக் கிடையாது. மானியமும் இல்லாமல், கட்டணமும் கட்டி, தன் சொந்தப் பணத்தில் தன் தெருவின் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறவன்தான் அவர் பார்வையில் சுயநலக்காரன்.

காற்றாலையில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அவருடைய மாற்று யோசனையைச் சில வரிகளில் முடித்துவிடலாம். முப்பந்தலில் சுழலும் காற்றாலை கட்டணத்தைக் குறைக்கும். செவ்வாய்ப்பேட்டைத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தால் அந்த மின்சாரமும் அதே டிரான்ஸ்பார்மரில்தான் நிற்கும். அரிசி மண்டியில் நிறைய இருக்கிறது, உன் வீட்டுப் பானையில் சோறு எதற்கு என்று கேட்பது போன்றது இது.

வெளிக்கம்பி கைவிட்டபோது சொந்த மின்சாரம் காப்பாற்றியதற்குச் சாட்சிகள் உண்டு. 2011 நிலநடுக்கத்தில் ஜப்பானின் செண்டாய் நகரம் இருண்டபோது, அங்கிருந்த பல்கலைக்கழக வளாகத்தின் சொந்த எரிவாயு என்ஜினும் சோலாரும் பேட்டரியும் சேர்ந்து பக்கத்து மருத்துவமனைக்கு மின்சாரம் கொடுத்தன. 2012-ல் சாண்டிப் புயலில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் தன் சொந்த நிலையத்தால்தான் வெளிச்சத்தோடு இருந்தது. நம்மிடம் 2018 நவம்பரில் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்த பிறகு, டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. அன்றைக்கும் உற்பத்தி நிலையங்களில் மின்சாரம் இருந்தது. கொண்டுவரக் கம்பம்தான் இல்லை.

கம்பங்களில் ஏறி உயிரைப் பணயம் வைக்கும் ஊழியர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஆள் போதவில்லை, சாமான் போதவில்லை. என் சண்டை, இருக்கிற கம்பியைச் சரிசெய்யாமல் இருந்துகொண்டு அதற்கு மாற்று தேடுகிறவனைக் குற்றவாளியாக்கும் வாதத்தோடு. செவ்வாய்ப்பேட்டையின் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் கடைசிக் கம்பத்திலும் ஒரு பதிவு மீட்டர் பொருத்தி, ஒரு வருடத்துக்கு அழுத்தமும் தடையும் அரை நொடிச் சரிவும் உட்பட எல்லாவற்றையும் மாதாமாதம் வெளியிடச் சொல்லி நண்பர் தன் பழைய துறையிடம் கேட்கட்டும். அனுமதிக்கப்பட்ட ஆறு சதவீத ஏற்றத்தாழ்வுக்குள் அழுத்தம் நின்றது, மிஷின்கள் தானாக நிற்கவில்லை என்று அந்தப் பதிவு காட்டினால், ஜெனரேட்டரையும் பேட்டரியையும் இரும்புக் கடைக்குப் போடச் சொல்லி அவரோடு சேர்ந்து நானும் பட்டறை பட்டறையாக வருகிறேன். அந்தப் பதிவை வெளியிட அவர் துறை தயாரில்லை என்றால், அவர் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும்.